இறங்கத் தெரிந்த இறக்கைகள்

ஆனி பிறந்தால் தாராபுரத்துக்குக் காற்றுக் காலம். மேற்குத் தொடர்ச்சி மலை தடுத்து நிறுத்தும் தென்மேற்குப் பருவக்காற்றுக்கு, சுமார் 30 கி.மீ. அகலமுள்ள பாலக்காட்டுக் கணவாய் ஒரு திறந்த வாசல். அதன் வழியே நுழையும் காற்று பொள்ளாச்சி, உடுமலை தாண்டி அமராவதிக் கரை வரை அடித்து வீசுகிறது. இந்த வட்டாரத்தில் காற்றாலைகள் வரிசைகட்டி நிற்பது அதனால்தான். காற்றாலைக்காரருக்கு வருமானம் தரும் இதே காற்று, பாராகிளைடரில் பறப்பவருக்குப் பெரும் சோதனை. காற்று வலுக்கிறது, மேகம் கறுக்கிறது என்றால் அவர் சீக்கிரம் தரையைத் தொட்டாக வேண்டும். அப்படி இறங்கும் வித்தைக்கென்று தனி வரலாறு உண்டு.

பாராகிளைடரின் பிறப்பே இறக்கத்தில்தான். 1964இல் அமெரிக்காவில் டொமினா ஜால்பெர்ட், காற்று புகுந்து உப்பும் அறைகள் கொண்ட செவ்வக வடிவப் பாராசூட்டை வடிவமைத்தார். 1978இல் பிரான்ஸின் ஆல்ப்ஸ் பகுதியிலுள்ள மியூசி ஊரில் ழான்-குளோத் பெத்தாம், ஆந்த்ரே போன் ஆகிய பாராசூட் வீரர்கள் அத்தகைய பாராசூட்டை விரித்து, மலைச்சரிவில் ஓடியே வானேறினார்கள். குதிப்பதற்காக விமானத்துக்குக் கொடுக்கும் பணம் மிச்சமானது. மலையேறுபவர்களும் இதைப் பிடித்துக்கொண்டார்கள். 1988 செப்டம்பர் 26 அன்று ழான்-மார்க் புவாவான் எவரெஸ்ட் உச்சியிலிருந்து பறந்து, சுமார் 12 நிமிடங்களில் இரண்டாம் முகாமில் இறங்கினார்.

அந்தக் காலத்து இறக்கை சுமார் மூன்று மீட்டர் முன்னே போனால் ஒரு மீட்டர் கீழே வந்துவிடும். இறங்குவதற்கென்று தனியாக எதுவும் கற்க வேண்டியிருக்கவில்லை. இறக்கைகள் நீண்டு மெலிந்து, மேலேயே நிற்கும் திறன் கூடிய பிறகுதான் சிக்கல் வந்தது. இன்றைய இறக்கை அசையாத காற்றில் நொடிக்கு ஒரு மீட்டருக்குச் சற்று மேல்தான் இறங்கும். வெயிலில் சூடேறி எழும் காற்றோ நொடிக்கு மூன்று, நான்கு மீட்டர் வேகத்தில் தூக்கும். இறங்க நினைப்பவரையும் அது மேலே கொண்டுபோய்விடும்.

இதற்கு விடையாக மூன்று முறைகள் நிலைபெற்றன. முதலாவது பிக் இயர்ஸ். முன்வரிசையான ஏ கயிறுகளில் வெளி ஓரத்தில் இருப்பவற்றை மட்டும் இரு கைகளாலும் இழுத்துப் பிடித்தால் இறக்கையின் இரு நுனிகளும் உள்ளே மடங்கும்; இறக்கம் நொடிக்குச் சுமார் மூன்று மீட்டராகும். இரண்டாவது பி-லைன் ஸ்டால். இரண்டாம் வரிசைக் கயிறுகளை மொத்தமாகக் கீழே இழுத்ததும் இறக்கையின் மேல் ஓடும் காற்று அறுபடும். முன்னோட்டம் நின்று, நொடிக்கு ஆறு முதல் எட்டு மீட்டர் வரை நேராகக் கீழே வரும். மூன்றாவது ஸ்பைரல் டைவ். உடல் எடையை ஒரு பக்கம் சாய்த்து, அந்தப் பக்கத்து பிரேக்கை இழுத்துச் சுற்றச் சுற்ற, வேகம் நொடிக்கு 15 மீட்டரையும் தாண்டும். உடல் எடை மூன்று மடங்குக்கு மேல் கனக்கும். ரத்தம் காலுக்கு இறங்கிக் கண் இருளும், நினைவும் தப்பலாம். எனவேதான் ஐரோப்பியத் தரச் சோதனையில், சுழலிலிருந்து இறக்கை எப்படி வெளிவருகிறது என்பதையும் பறந்து பார்க்கிறார்கள்.

இந்த வித்தைகளின் எல்லையை உலகுக்குக் காட்டிய நாள் 2007 பிப்ரவரி 14. உலகப் போட்டிக்காக ஆஸ்திரேலியாவின் மனிலாவில் பயிற்சி செய்துகொண்டிருந்த ஜெர்மன் வீராங்கனை ஏவா விஷ்னியெர்ஸ்காவை இடிமேகம் உள்ளே இழுத்தது. சுழன்று இறங்கப் பார்த்தார். மேகமோ நொடிக்கு 20 மீட்டர் வேகத்தில் தூக்கியது. நினைவிழந்த நிலையில் 9,946 மீட்டர் உயரம் வரை போய், உடலெங்கும் பனி உறைய, பிழைத்து இறங்கினார். அன்றே மேகத்தில் சிக்கிய சீன வீரர் ஹே சோங்பின் இறந்துபோனார். ஸ்பைரலை விட வேகமாக மேகம் தூக்கினால் எந்த முறையும் எடுபடாது. மேகம் திரளும் முன்பே விலகிப் போவது பயிற்சியில் முதல் பாடமாக இருப்பது இதனால்தான். 2015இல் உலகக் கோப்பைப் போட்டி நடந்த இமாசலப் பிரதேசத்தின் பீர்-பில்லிங்கில், மலைமேல் மேகம் கவிந்தால் பள்ளத்தாக்கின் பக்கம் ஒதுங்குவது வழக்கம்.

வரலாறு இன்னும் நகர்கிறது. காற்றின் தடையைக் குறைக்க, போட்டி இறக்கைகளில் கயிறு வரிசைகள் இரண்டாகச் சுருங்கிவிட்டன. பழைய பாணி பி-லைன் ஸ்டாலை அவற்றில் செய்ய முடியாது.

காற்று பலமான ஊரில் இந்த முறைகளின் மதிப்பே மாறிவிடும். மணிக்கு 40 கி.மீ. வேகத்தில் காற்று வீசும் ஒரு நாளில், தாராபுரத்துக்கு மேலே 1,000 மீட்டர் உயரத்தில் ஒருவர் மாட்டிக்கொண்டதாக வைத்துக்கொள்வோம். பி-லைன் ஸ்டாலில் இரண்டே நிமிடத்தில் தரைக்கு வந்துவிடலாம். ஆனால் முன்னோட்டம் இல்லாததால், அதற்குள் காற்று அவரைக் கிழக்கே ஏறத்தாழ 1.4 கி.மீ. தள்ளியிருக்கும். அங்கே காற்றாலை நிற்கலாம், மின்கம்பி ஓடலாம். பிக் இயர்ஸ் போட்டு, காலால் ஸ்பீடு பாரை மிதித்து, முகத்தை மேற்கே வைத்தபடி இறங்கினால் ஐந்து நிமிடமாவது பிடிக்கும். ஆனால் ஏறக்குறைய நின்ற இடத்துக்கு நேர் கீழேயே கால் ஊன்றலாம்.