பின்னறை வேலையும் முன்னறைச் சீட்டும்

லூபோக் என்பது மலாய்ச் சொல். ஆற்றில் நீர் ஆழ்ந்து நிற்கும் மடுவைக் குறிப்பது. அப்பெயரைத் தாங்கிய லூபோக் சீனா, மலாக்கா மாநிலத்தின் வடமேற்கு எல்லையில் உள்ள சிற்றூர். இவ்வட்டாரத்து ரப்பர்த் தோட்டங்களில் வாழ்ந்த தமிழர் நாள்தோறும் கண்ட காட்சியொன்றை முதற்கண் நினைவுகூர்வோம். கணினியைப் பற்றிய கட்டுரைக்கும் அதுவே தக்க தொடக்கம்.

விடியுமுன் பெரட்டு, பின்பு பால்வெட்டு. வெயில் ஏறியதும் வாளிகளைச் சுமந்து வந்து நிறுவைக் கொட்டகையில் வரிசையாக நிற்பர். கிராணியார் பாலை நிறுப்பார். செக்ரோலில் பெயருக்கு நேரே எண்ணை எழுதுவார். அத்துடன் தொழிலாளி வீடு திரும்பலாம். பாலை அமிலமிட்டு உறையவைப்பதும், உருளையில் அழுத்தி ஷீட்டாக்குவதும், புகைக்கொட்டகையில் நாட்கணக்கில் உலர்த்துவதும் அவர் சென்ற பிறகு நடப்பவை. ஷீட் உலரும்வரை ஒவ்வொருவரும் நின்றே ஆக வேண்டும் என்றிருந்தால், இரண்டாவது வாளியை நிறுக்கவும் வழியிராது.

பெற்றுக்கொள்வது வேறு, செய்து முடிப்பது வேறு என்னும் இப்பகுப்பே இன்றைய வலைப்பின்னற் கணினிகளின் உயிர்நிலைகளுள் ஒன்று. நீண்ட நேரம் பிடிக்கும் தரவுத்தள வினவல்களை முன்னிருக்கும் பணியாளிடமிருந்து எடுத்து, பின்னணிச் செயல்களிடம் ஒப்படைப்பது என்று அதனைக் கூறுவர். இம்முறை எங்ஙனம் வளர்ந்தது, நம் ஆசிரியர்களோடு அதற்கு என்ன தொடர்பு என்பவற்றை ஈண்டு நோக்குவோம்.

வினவல் ஏன் தாமதமாகிறது?

பள்ளியின் சேர்க்கைப் பதிவேட்டை எண்ணிப் பாருங்கள். 412-ஆம் எண் மாணவன் யார் என்று கேட்டால், ஏட்டைப் புரட்டி நொடியில் சொல்லிவிடலாம். இருபது ஆண்டுகளில் இடையிலே படிப்பை விட்டவர் எத்தனை பேர் என்று கேட்டாலோ, முதல் ஏட்டிலிருந்து கடைசி ஏடு வரை வரிவரியாகப் படித்தாக வேண்டும். தரவுத்தளமும் இத்தகையதே. அடைவு உள்ள இடத்தில் அது விரையும். அடைவு இல்லாத இடத்தில் முழு அட்டவணையையும் துழாவும்.

சேவைக் கணினி ஒன்றில் பத்துப் பணியாளர் இருப்பதாகக் கொள்வோம். எளிய கேள்வி ஒன்றுக்கு நொடியில் பத்தில் ஒரு பங்கு போதும். முப்பது நொடி பிடிக்கும் வினவல் ஒன்று வந்தால், அதனை ஏற்ற பணியாளர் அந்நேரத்தில் முடித்திருக்கக்கூடிய 300 எளிய கேள்விகள் அவரிடம் நடவா. அத்தகைய வினவல்கள் பத்து ஒரே சமயத்தில் வந்துவிட்டால் அரை நிமிடம் கடையே மூடியதுபோல் ஆகும். பணியாளர் எண்ணிக்கையைப் பெருக்கலாமே எனின், அதற்கும் எல்லை உண்டு. பலரும் பயன்படுத்தும் போஸ்ட்கிரெஸ் தரவுத்தளம், நிர்வாகி மாற்றியமைக்காதவரை 100 இணைப்புகளுக்கே இடந்தரும். ஒவ்வோர் இணைப்புக்கும் தனிச் செயல் ஒன்றை ஒதுக்கும்.

தொலைபேசி தந்த பாடம்

இச்சிக்கலை முதலில் கணக்கிட்டவர் கணினி அறிஞர் அல்லர். டென்மார்க்கின் கோபன்ஹேகன் தொலைபேசி நிறுவனத்தில் 1908-இல் சேர்ந்த கணித அறிஞர் ஆக்னர் எர்லாங் என்பவரே அவர். அழைப்புகள் ஒழுங்கின்றி வரும்போது எத்தனை கம்பிகள் வேண்டும், எவ்வளவு நேரம் காத்திருக்க நேரும் என்று அவர் ஆராய்ந்தார். 1909-இலும் 1917-இலும் அவர் வெளியிட்ட கட்டுரைகள், வரிசைக் கோட்பாடு என்னும் கணிதத் துறைக்கு அடிக்கல் ஆயின.

அக்கணக்கு வழியில் வந்த முடிவு ஒன்று வியப்பூட்டுவது. ஒரே எழுத்தர் இருக்கிறார். ஆட்கள் வரும் நேரமும் வேலையின் நீளமும் ஒழுங்கின்றி மாறுகின்றன எனக் கொள்வோம். அவர் நேரத்தில் பாதி நிறைந்திருந்தால், வருபவர் சராசரியாக ஒரு வேலை முடியும் நேரம் காத்திருப்பார். பத்தில் எட்டுப் பங்கு நிறைந்தால் நான்கு மடங்கு; ஒன்பது பங்கு நிறைந்தால் ஒன்பது மடங்கு. சுமை இரு மடங்கு ஆகுமுன்பே காத்திருப்பு ஒன்பது மடங்கு ஆகிவிடுகிறது. நேற்றுவரை நன்றாக இயங்கிய சேவை இன்று திடீரென்று முடங்குவது இதனாலேயாம்.

அந்நாளில் வெளியூருக்குப் பேச விரும்பியவர் டிரங்க் கால் பதிவு செய்வார். கம்பி கிடைக்கும்வரை கருவியைக் காதில் வைத்துக்கொண்டு நிற்பதில்லை. வேறு வேலையைப் பார்ப்பார். தொடர்பு கிடைத்ததும் மணி ஒலிக்கும். தமிழகத்தில் சாதாரணம், அவசரம், மின்னல் என்று கட்டணத்திற்கேற்ப முன்னுரிமையும் இருந்தது. பதிவு, வரிசை, முன்னுரிமை, திரும்ப அழைத்தல் ஆகிய நான்கும் இன்றைய பின்னணிச் செயல்முறையின் உறுப்புகளே.

பூதத்தின் பிறப்பு

தொடக்ககாலக் கணினிகளில் எல்லா வேலையும் பின்னறை வேலையே. அட்டைக் கட்டைக் கொடுத்துவிட்டுப் போய், பிறகு வந்து விடையைப் பெறுவர். 1961-இல் அமெரிக்காவின் மாசாசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் கோர்பாட்டோ குழுவினர், ஒரே கணினியைப் பலர் ஒரே நேரத்தில் பயன்படுத்தும் முறையைச் செய்து காட்டினர். அதன்பின்பே, உடனடியாக விடை தர வேண்டிய முன்னறை வேலை என ஒன்று தனித்து நின்றது.

1963 அளவில் அங்கு நடந்த மாக் திட்டத்தில், எவரும் ஏவாமலே பின்னால் ஓயாது இயங்கும் செயல்களுக்கு ‘டீமன்’ என்று பெயரிட்டனர். இயற்பியல் அறிஞர் மாக்ஸ்வெல் 1867-இல் கற்பனை செய்த, மூலக்கூறுகளை இடையறாது பிரித்துக்கொண்டிருக்கும் சிறு பூதமே அப்பெயருக்கு மூலம். ஏவிய வேலையைக் கண்ணுக்குத் தெரியாமல் முடிக்கும் பூதங்களைக் கதைகளில் கேட்டு வளர்ந்த நமக்கு இது புதுமையன்று.

இணையம் பரவியதும் பழைய சிக்கல் பேருருக் கொண்டது. லைவ்ஜர்னல் என்னும் நாட்குறிப்புத் தளத்தை நடத்திய பிராட் ஃபிட்ஸ்பாட்ரிக் குழுவினர் 2005-இல் ‘கியர்மேன்’ என்னும் மென்பொருளை வெளியிட்டனர். ‘மேனேஜர்’ என்னும் ஆங்கிலச் சொல்லின் எழுத்துகளையே இடம் மாற்றி அப்பெயரை அமைத்தனர். தான் வேலை செய்யாது, பிறர்க்குப் பங்கிட்டுக் கொடுப்பது மட்டுமே அதன் தொழில் என்பது அவர்கள் செய்த நகைச்சுவை. தோட்டத்து மேனேஜர்களை அறிந்தோர் இதனை எளிதில் சுவைப்பர்!

2007-இல் ‘ராபிட்’ என்னும் செய்தி வரிசை மென்பொருள் வந்தது. அது எழுதப்பெற்ற கணினி மொழி, சுவீடனின் எரிக்சன் தொலைபேசி நிறுவனத்தில் 1986 முதல் உருவானது. அம்மொழியின் பெயர் எர்லாங். தொலைபேசி நிலையத்தில் பிறந்த கருத்து, நூறாண்டு கழிந்து அதே அறிஞரின் பெயரைத் தாங்கி இணையத்துக்கு வந்து சேர்ந்தது.

நள்ளிரவில் ஆசிரியர்கள்

இவ்வரலாறு எங்கோ நடந்ததன்று. மலேசியாவில் பள்ளிசார் மதிப்பீட்டு முறை 2011-இல் தொடக்கப்பள்ளி முதலாம் ஆண்டிலும், 2012-இல் இடைநிலைப்பள்ளி முதலாம் படிவத்திலும் புகுத்தப்பட்டது. ஒவ்வொரு மாணவரின் அடைவுநிலையையும் ஆசிரியர் இணையத்தின்வழி நேரே பதிய வேண்டியிருந்தது. நாடெங்கும் உள்ள ஆசிரியர் ஒரே காலத்தில் நுழைய முயன்றபோது தளம் தடுமாறியது. நெரிசல் குறையும் நள்ளிரவுக்குப் பின்னும் விடியற்காலையிலும் விழித்திருந்து பதிந்ததாக ஆசிரியர்கள் முறையிட்டது அந்நாளைய நாளேடுகளில் வந்த செய்தி. 2014-இல் கல்வி அமைச்சு அம்முறையில் மாற்றங்களை அறிவித்தது. இணையத்தில் நேரே பதியும் கட்டாயம் தளர்ந்தது. தம் கணினியிலேயே பதிந்து வைத்துக்கொள்ளும் வழி வந்தது.

இங்கே நாம் உணர வேண்டியது ஒன்று உண்டு. காத்திருப்பை எவரும் அழித்துவிட முடியாது. இடம் மாற்றவே முடியும். கணினி அதனைத் தன் வரிசையில் ஏற்றுக்கொள்ளாவிடில் அது மனிதர் தலையில் வந்து விழும். வழங்கியில் இருக்க வேண்டிய வரிசை, ஆசிரியரின் தூக்கத்தில் போய் நின்றது. பின்னணிச் செயல்முறை வெறும் பொறியியல் நுட்பமன்று, யார் காத்திருப்பது என்னும் நீதியைப் பற்றியது என்று நான் கருதுவது இதனால்தான்.

சீட்டுக்குரிய கடமைகள்

ஆயினும், வேலையைப் பின்னறைக்குத் தள்ளிவிட்டால் எல்லாம் முடிந்தது என்று எண்ணுதல் தவறு. ‘பெற்றுக்கொண்டோம்’ என்று சீட்டுக் கொடுப்பவருக்குக் கடமைகள் உண்டு.

முதலாவது, சீட்டைக் கொடுக்குமுன் கோரிக்கையை அழியாத இடத்தில் எழுதி வைத்தல். நினைவில் மட்டும் வைத்திருந்தால், மின்சாரம் நின்றதும் கோரிக்கை மறையும், சீட்டுப் பொய்யாகும். இரண்டாவது, ஒரே வேலை தவறி இருமுறை நடந்தாலும் விளைவு ஒன்றாகவே இருத்தல். ஒரு மாணவருக்கு ஒரு மதிப்பெண் இருமுறை ஏறலாகாது. மூன்றாவது, வரிசைக்கு எல்லை வகுத்தல். ஏற்க இயலாதபோது ‘இன்று இயலாது’ என்று சொல்வதே நேர்மை. நான்காவது, முடிந்தால் முடிந்தது என்றும், தோற்றால் தோற்றது என்றும் கேட்டவருக்கு அறிவித்தல்.

இவற்றுக்கெல்லாம் முன்னே செய்ய வேண்டியதும் உண்டு. தாமதத்தின் காரணத்தை ஆராய வேண்டும். தக்க அடைவு ஒன்றை அமைத்தாலே நிமிடக் கணக்கில் ஓடும் வினவல்கள் பல நொடிக்குள் முடிந்துவிடும். அவற்றைப் பின்னறைக்கு அனுப்புவது, குப்பையைக் கதவுக்குப் பின்னால் ஒதுக்கி வைப்பதற்கு ஒப்பாகும். ஆண்டறிக்கை தொகுத்தல், பல்லாயிரம் முடிவுகளை ஒருங்கே கணக்கிடல் போன்ற மெய்யாகவே நீண்ட வேலைகளுக்கே பின்னறை உரியது.

கிராணியார் செக்ரோலில் எழுதிய எண்ணை நம்பித்தான் தோட்டத் தொழிலாளி வாளியைக் கழுவிக்கொண்டு வீடு திரும்பினார். அவ்வெண் பிழைத்தால் மாத முடிவில் கூலி பிழைக்கும், குடும்பம் தவிக்கும். இன்று திரையில் தோன்றும் ‘உங்கள் விண்ணப்பம் ஏற்கப்பட்டது’ என்னும் வரியும் அத்தகைய எழுத்தே. கணினியைக் கற்பிக்கும் ஆசிரியப் பெருமக்கள், நிரல் எழுதப் பயிலும் மாணவருக்கு விரைவைப் பற்றிச் சொல்லும்போது, அவ்வரியைக் காப்பாற்றும் பொறுப்பையும் சேர்த்தே சொல்லித் தருதல் நலம்.