கொடி உறுதிமொழி பிறந்த கதை

அமெரிக்கப் பள்ளிகள் பலவற்றில் காலையில் பிள்ளைகள் எழுந்து, வலக்கையை நெஞ்சில் வைத்து, வகுப்பறைக் கொடியைப் பார்த்து ஓர் உறுதிமொழி சொல்கிறார்கள். நாட்டை நிறுவியவர்களான ஜெஃபர்சனோ மாடிசனோ எழுதியதைப் போன்ற கனம் அதற்கு இப்போது வந்துவிட்டது. பிறந்ததோ அவர்கள் காலத்துக்கு வெகுநாள் கழித்து, பாஸ்டனில் ‘யூத்ஸ் கம்பானியன்’ என்ற பத்திரிகையின் அலுவலகத்தில்.

அங்கே வேலை பார்த்த ஜேம்ஸ் அப்ஹாம், பள்ளிகளுக்குக் கொடி விற்கும் திட்டம் ஒன்றை நடத்திவந்தார். கொலம்பஸ் வந்த 400ஆவது ஆண்டை, 1892 அக்டோபரில், நாட்டின் எல்லாப் பள்ளிகளும் கொடியேற்றிக் கொண்டாட வேண்டும் என்று முனைந்தார். விழாவில் பிள்ளைகள் சொல்ல ஒரு வாசகம் தேவைப்பட்டது. அதை எழுதியவர் பிரான்சிஸ் பெல்லமி. பாப்டிஸ்ட் போதகர், கிறிஸ்தவ சோஷலிஸ்ட். தன் கொள்கையால் சபையோடு ஒத்துப்போகாமல் பத்திரிகை வேலைக்கு வந்தவர். செப்டம்பர் 8 இதழில் வாசகம் அச்சானது.

கொடிக்கும் குடியரசுக்கும் விசுவாசம், பிரிக்க முடியாத ஒரே தேசம், அனைவருக்கும் சுதந்திரமும் நீதியும். அவ்வளவுதான். தேசம் இரண்டாகப் பிளந்து சண்டையிட்டு முடிந்து 27 ஆண்டுகளே ஆகியிருந்ததால் ‘பிரிக்க முடியாத’ என்பது வெறும் அலங்காரமல்ல. சமத்துவத்தையும் சேர்க்கத்தான் பெல்லமி எண்ணினார். பெண்களுக்கும் கறுப்பினத்தவருக்கும் அதைத் தர மனமில்லாத கல்வி அதிகாரிகளை நினைத்து விட்டுவிட்டார். நாடே ஒன்றாகச் சொல்லும் வாசகத்தில் இந்த இடம் இன்றும் காலியாக இருப்பது எனக்கு வலிக்கிறது.

பிற்பாடு சேர்ந்தவையும் அந்தந்தக் காலத்தின் அச்சத்தைக் காட்டுகின்றன. முதல் வாசகத்தில் இருந்த ‘என் கொடி’ என்றால் குடியேறி வந்தவர்கள் தங்கள் பழைய நாட்டுக் கொடியை நினைத்துக்கொள்ளலாம் என்று 1923இல் அதை மாற்றி, அடுத்த ஆண்டு அமெரிக்காவின் முழுப் பெயரையும் நுழைத்தார்கள். சோவியத்தோடு பனிப்போர் நடந்த 1954இல் ‘கடவுளின் கீழ்’ என்பது சேர்ந்தது.

உறுதிமொழிக்கு உண்மையான சோதனை வந்தது, அதைச் சொல்ல மறுத்த பிள்ளைகளால். 1935இல் பென்சில்வேனியாவின் மைனர்ஸ்வில் என்ற நிலக்கரி ஊரில், யெகோவாவின் சாட்சிகள் என்ற கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்த குடும்பத்து அக்காவும் தம்பியும் கொடியை வணங்க மறுத்தார்கள். கடவுளைத் தவிர எதையும் வணங்கக் கூடாது என்பது அவர்கள் நம்பிக்கை. பள்ளி வெளியேற்றியது. 1940இல் உச்ச நீதிமன்றம் 8–1 என்று பள்ளியின் பக்கம் நின்றது. ஹார்லன் ஸ்டோன் ஒருவர் மட்டுமே மாறுபட்டார். தீர்ப்பைத் தொடர்ந்து பல ஊர்களில் சாட்சிகளைக் கும்பல்கள் தாக்கின. மெய்ன் மாநிலத்தின் கென்னபங்க்கில் அவர்களுடைய கூட்ட மண்டபம் எரிக்கப்பட்டது.

அப்போது பிள்ளைகள் கொடியை நோக்கிக் கையை நீட்டி நிற்பார்கள். ஹிட்லருக்குப் போடும் வணக்கத்தைப் போலவே இருந்ததால், 1942 டிசம்பரில் அமெரிக்கக் காங்கிரஸ் கையை நெஞ்சுக்குக் கொண்டுவந்தது. அடுத்த ஆண்டு, நாடு போரில் இருக்கும்போதே, மேற்கு வர்ஜீனியாவின் சாட்சிகள் குடும்பங்கள் தொடுத்த வழக்கில் அதே நீதிமன்றம் தன் தீர்ப்பை 6–3 என்று மாற்றியது. 1943 ஜூன் 14, கொடி நாள். அரசியலிலோ மதத்திலோ தேசப்பற்றிலோ இதுதான் சரியான நம்பிக்கை என்று விதிக்கவும், அதை வாயால் சொல்லவைக்கவும் எந்த அதிகாரிக்கும் உரிமையில்லை என்று எழுதினார் நீதிபதி ராபர்ட் ஜாக்சன். பெல்லமி எழுதிய ‘சுதந்திரம்’ என்ற சொல்லுக்கு அன்றுதான் பொருள் கிடைத்தது என்பேன்.

அந்தத் தீர்ப்பு கடல் தாண்டியும் பேசியது. 1985இல் கேரளத்தில், தேசிய கீதத்துக்கு மரியாதையாக எழுந்து நின்றும் பாடாத சாட்சிகள் குடும்பத்துப் பிள்ளைகள் மூவரைப் பள்ளி நீக்கியது. மறு ஆண்டு அவர்களைத் திரும்பச் சேர்க்கச் சொன்ன இந்திய உச்ச நீதிமன்றத் தீர்ப்பில், நீதிபதி சின்னப்ப ரெட்டி மேற்கு வர்ஜீனியா வழக்கையும் எடுத்துப் பேசினார்.