பற்றரி கேளாத கமரா

கமரா எண்டால் சார்ஜ் ஏற்றவேண்டும், எங்கட வயதுக்காரருக்கு அப்பிடித்தான் தெரியும். 1967இல் யப்பானில் வந்த ஒலிம்பஸ் ட்ரிப் 35க்கு பற்றரியே தேவையில்லை. கழற்ற முடியாத 40 மி.மீ. லென்ஸ், அதைச் சுற்றி வெளிச்சத்தை அளக்கும் செலீனியம் வளையம். இருட்டினால் கண்ணாடிக்குள் சிவப்புக்கொடி எழும்பும், பொத்தான் அமுங்காது. தூரத்துக்கு ஒரு ஆள், இரண்டு ஆள், கூட்டம், மலை எண்டு நாலு குறிகள். (மலையில்லாத மன்னாரில் மலைக்குறி கடலுக்குத்தான்.)

1977இல் கொனிக்கா சி35 ஏஎப் தானே தூரம் பார்த்தது, ஆனால் பற்றரியில். தொண்ணூறுகளில் புலிகளின் பிடியிலிருந்த மன்னார்ப் பெருநிலத்துக்குப் போகத் தடையான பொருட்களில் பற்றரியும் ஒன்று. பழைய மொடல்தான் கெட்டிக்காரன் எண்டு நாங்கள் சொல்வது அதனால்தான்.

ஆனால் படங்கள் எங்கே? 1990இல் எத்தனையோ குடும்பங்கள் வள்ளத்தில் இராமேஸ்வரம் போயின. அந்த ஒக்டோபரில் புலிகள் முஸ்லிம்களை வெளியேற்ற, எருக்கலம்பிட்டி சனம் புத்தளப் பக்கம் போனது. உயிரைக் கொண்டுபோகவே இடமில்லாத நேரத்தில் அல்பத்தை யார் தூக்குவது? ஒரு வீட்டின் பத்து வருசம் இரண்டு மூன்று பிலிம் சுருளுக்குள்தான் இருந்திருக்கும்.

உங்கட அலுமாரியில் நெகட்டிவ் கிடந்தால் எறியாதேங்கோ. உப்புக்காற்று படாத இடத்தில் வையுங்கோ, ஸ்கான் செய்யுங்கோ, படத்தில் நிற்பவர்களின் பெயரை அம்மம்மாவிடம் இப்பவே கேட்டு எழுதுங்கோ.