மாத்திரை என்னும் அளவு: மானிப்பாய் முதல் கிள்ளான் வரை மருந்துக் கல்வியின் மொழி

தமிழிலக்கணம் பயில்வோர் 'மாத்திரை' என்ற சொல்லை எழுத்திலக்கணத்தின் வாயிலிலேயே சந்திக்கின்றனர். கண்ணிமைக்கும் நேரமோ கைந்நொடிக்கும் நேரமோ ஒரு மாத்திரை. குறிலுக்கு ஒன்று, நெடிலுக்கு இரண்டு, மெய்க்கு அரை, மகரக் குறுக்கத்திற்குக் கால் என்று மாணவர் மனனம் செய்கின்றனர். தாதியர் கல்லூரியில் சேரும் மாணவர் இதே சொல்லை நோயாளியின் வாயிலிருந்து கேட்கிறார். அளவைக் குறிக்கும் வடசொல்லாகிய 'மாத்ரா' தமிழில் ஒலியின் அளவுக்கும் பெயராயிற்று, அளந்து உருட்டிய மருந்துக்கும் பெயராயிற்று. வடிவத்தையோ நிறத்தையோ கொண்டு பெயரிடாமல் அளவைக் கொண்டு மருந்துக்குப் பெயரிட்டது நம் கவனத்திற்கு உரியது. எப்பொருளும் நஞ்சே, அளவுதான் அதை நஞ்சல்லாததாக்குகிறது என்னும் கருத்தை 16ஆம் நூற்றாண்டில் பாராசெல்சஸ் ஐரோப்பாவில் எழுதினார். மருந்தியலின் முதற்பாடமாக இன்றும் கற்பிக்கப்படும் அக்கருத்து நம் அன்றாடச் சொல்லொன்றினுள் அடங்கியிருக்கிறது.

மருந்தைப் பிழையின்றிக் கொடுப்பதும், பிழையின்றி உட்கொள்ளக் கற்பிப்பதும் பெருமளவுக்கு மொழியால் நிகழும் செயல்கள் என்பதே இவ்வுரையின் கருத்து. இக்கருத்தை முழுமையாக உணர்ந்து செயற்பட்டவர் ஒருவர் 19ஆம் நூற்றாண்டில் யாழ்ப்பாணத்தில் வாழ்ந்தார். அவர் தமிழரல்லர்.

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்து வூஸ்டர் நகரைச் சேர்ந்த சாமுவேல் பிஸ்க் கிறீன் 1847ஆம் ஆண்டு மிஷன் மருத்துவராக இலங்கைக்கு வந்தார். மறு ஆண்டு மானிப்பாயில் மருத்துவ வகுப்பைத் தொடங்கினார். முதலில் ஆங்கிலத்திலேயே கற்பித்தார். விடுப்பில் தாயகம் சென்று 1862இல் திரும்பிய பின்னர், 1860களின் நடுப்பகுதியிலிருந்து கற்பிக்கும் மொழியைத் தமிழாக்கினார். அவரிடம் பயின்று வெளிவந்த மருத்துவர்கள் 60க்கும் மேற்பட்டோர். அவரும் அவருடைய மாணவர்களும் ஆக்கிய நூல்களின் வரிசை வியப்பளிப்பது: அறுவை மருத்துவத்திற்கு 'இரண வைத்தியம்' 1867இல், பொது மருத்துவத்திற்கு 'வைத்தியாகரம்' 1872இல், வேதியியலுக்குக் 'கெமிஸ்தம்' 1875இல். திருவிதாங்கூர் அரசுப் பணியில் இருந்த எட்வர்ட் ஜான் வேரிங் 1868இல் வெளியிட்ட இந்திய மருந்துநூலின் தமிழாக்கம் 'இந்துபதார்த்த சாரம்' என்ற பெயரில் 1884இல் வந்தது. அவ்வாண்டிலேயே கிறீன் தம் ஊரில் மறைந்தார்.

'கெமிஸ்தம்' என்னும் பெயரைக் கண்டு இன்றைய மாணவர் சிரிக்கக்கூடும். மொழியியலார் கண்ணுக்கு அது நல்ல சான்று. கிறீன் முதலில் தமிழில் தேடினார். கிடைக்காதபோது வடமொழியை நாடினார். அங்கும் பொருந்தாதபோது ஆங்கிலச் சொல்லையே எடுத்துத் தமிழ்ப் பெயரீறாகிய 'அம்' சேர்த்துக் கொண்டார். கலைச்சொல்லாக்கத்தில் தூய்மையா தெளிவா என்று இன்றும் நாம் நடத்தும் வழக்கில் அவர் பெரும்பாலும் தெளிவின் பக்கமே நின்றார். காரணம் எளிது. அவர் ஆக்கியவை பாடப்புத்தகச் சொற்கள் மட்டுமல்ல. மறுநாட் காலை ஒரு நோயாளிக்கு மருந்து கொடுக்கும்போது பயன்பட வேண்டிய சொற்கள். சொல் மங்கினால் அளவு மங்கும்.

அவர் தமிழுக்கு மாறியதற்கு இன்னொரு காரணமும் உண்டு. ஆங்கிலத்தில் மருத்துவம் கற்றவர் ஊரில் தங்கமாட்டார், சம்பளம் தேடி வெளியே போய்விடுவார் என்று அவர் கருதினார். அக்கணிப்பு எவ்வளவு சரியானது என்பதற்குக் கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்ஸ் சாட்சி. 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலும் அடுத்த நூற்றாண்டின் தொடக்கத்திலும் ஆங்கிலம் கற்ற யாழ்ப்பாணத்து இளைஞர்கள் மலாயாவின் இரயில்வேக்கும் அரசு அலுவலகங்களுக்கும் மருத்துவமனைகளுக்கும் வந்து சேர்ந்தனர். இரயில்வே குடியிருப்புகள் அமைந்த பிரிக்பீல்ட்ஸ் அவர்களின் முதன்மையான வாழிடங்களுள் ஒன்றாயிற்று. அதற்கிடையே கொழும்பில் 1870இல் தொடங்கிய மருத்துவப் பள்ளியும், சிங்கப்பூரில் 1905இல் தொடங்கிய மருத்துவப் பள்ளியும் ஆங்கிலத்திலேயே கற்பித்தன. 1873இல் கிறீன் மானிப்பாயை விட்டு நீங்கிய பின் தமிழ்வழி மருத்துவக் கல்வி நெடுநாள் நிலைக்கவில்லை. ஆகவே கடல் கடந்து வந்தவர்கள் ஆங்கிலத்தில் கற்று, தமிழில் மருந்து கொடுக்க வேண்டிய நிலைக்கு ஆளாயினர். இடையிலிருந்த மொழிபெயர்ப்பை ஒவ்வொருவரும் தாமே, அந்தந்த நொடியில் செய்துகொண்டனர்.

அந்த மொழிபெயர்ப்பின் சுமை கிள்ளானில்தான் மிகுதியாக விழுந்தது. 1901இல் மாவட்ட மருத்துவராக அங்கு வந்த மால்கம் வாட்சன் கண்டது காய்ச்சலால் நிறைந்த ஓர் ஊர். அதே ஆண்டு திறக்கப்பட்ட போர்ட் சுவெட்டன்ஹாம் துறைமுகம், இன்றைய போர்ட் கிள்ளான், மலேரியாவால் மூடப்படும் நிலைக்கு வந்தது. சதுப்பை வடித்தும் காட்டை வெட்டியும் வாட்சன் கொசுவை ஒடுக்கிய வரலாறு உலகறிந்தது. வடிகால் எட்டாத இரப்பர்த் தோட்டங்களில் எஞ்சிய ஆயுதம் கொயினா ஒன்றே. காலைப் பெரட்டில் ஆட்களை வரிசையாக நிறுத்தி அதைக் கொடுப்பது வழக்கமாயிற்று. கொயினாவின் கசப்பு தாளாமல் வாயில் அடக்கிக்கொண்டு லயத்தின் பின்புறம் துப்பியவர்கள் உண்டு. அளவு மிகுந்தால் காதில் இரைச்சல் கேட்கும், தலை சுற்றும். இது அம்மருந்தின் அறிந்த விளைவு என்று முன்கூட்டிச் சொல்லப்பட்டவர் அஞ்சாமல் வந்து கேட்பார். சொல்லப்படாதவர் மருந்தையே விட்டுவிடுவார். பக்க விளைவைப் பற்றிய பாடத்திற்கு இதைவிடப் பழைய உள்ளூர் எடுத்துக்காட்டை நாம் தேட வேண்டியதில்லை.

தோட்ட மருத்துவமனையில் அந்த விளக்கத்தைச் சொல்ல வேண்டியவர் டிரெஸ்ஸர். அவர் பல இடங்களில் யாழ்ப்பாணத்தவராகவோ மலையாளியாகவோ இருந்தார். நோயாளிகள் பெரும்பாலும் தமிழ்நாட்டுச் சிற்றூர்களிலிருந்து வந்தோர். யாழ்ப்பாண வழக்கில் 'குளிசை', தோட்டத்து வழக்கில் 'மாத்திரை'. 'குளிகை' என்னும் சொல்லின் திரிபாகிய முன்னது உருண்டை வடிவைச் சொல்கிறது. பின்னது அளவைச் சொல்கிறது. பிரிக்பீல்ட்ஸின் யாழ்ப்பாண வழிக் குடும்பங்களில் மூத்தோரிடம் 'குளிசை' இன்னும் கேட்கிறது. ஒரே பள்ளத்தாக்கில், ஒரே மொழிக்குள்ளேயே, ஒரு மருந்துக்கு இரண்டு பெயர்.

பெயரைவிட அளவுச் சொற்கள் ஆபத்தானவை. மருந்தறையில் அன்று புழங்கியவை கிரெயின், டிராம், அவுன்சு. ஒரு டிராமுக்கு 60 கிரெயின், ஓர் அவுன்சுக்கு 8 டிராம். ஒரு கிரெயின் ஏறத்தாழ 65 மில்லிகிராம். தமிழ் மருத்துவத்தில் புழங்கியவை குன்றிமணியெடை, பணவெடை, பலம். குன்றிமணியெடையை ஏறத்தாழ 130 மில்லிகிராம் என்று கொள்வது வழக்கம். அதாவது இரண்டு கிரெயின். கிரெயினைக் குன்றிமணியாகப் பெயர்ப்பவர் அளவை இரட்டிப்பாக்கிவிடுவார். நம் பின்ன எண்கள் அழகானவை. ஆயினும் 'அரைக்கால்' என்பது எட்டில் ஒரு பங்கு என்பதை அறியாத தலைமுறையின் காதில் அது அரையாகவோ காலாகவோ விழுகிறது. பின்ன வாய்பாடு பள்ளியை விட்டுப் போனபோது போனது கணக்குத் திறன் மட்டுமன்று. இன்று மெட்ரிக் அளவை எல்லாவற்றையும் ஒழுங்குபடுத்திவிட்டது என்று நினைக்கலாம். ஆனால் பாட்டி வீட்டில் இருப்பது மில்லிலிட்டர் அன்று, கரண்டி. தேக்கரண்டி 5 மில்லிலிட்டர், மேசைக்கரண்டி 15. குழம்பு ஊற்றும் கரண்டிக்கோ அளவே இல்லை. குழந்தைக்கு மருந்து கொடுக்கக் கற்பிக்கும் தாதி 'ஒரு கரண்டி' என்று சொல்லி நிறுத்தினால் பாடம் அங்கேயே கெடுகிறது. புட்டியோடு வரும் அளவுக்குவளையைக் கையில் எடுத்துக் கோட்டைக் காட்டுவதே முறை.

இன்றைய மலேசியத் தாதியர் கல்வி மலாயிலும் ஆங்கிலத்திலும் நடைபெறுகிறது. அது குறித்து நமக்கு வருத்தமில்லை. ஒரு நாட்டின் மருத்துவமனைகள் ஒரு பொதுமொழியில் எழுதிக்கொள்வதே நோயாளிக்குப் பாதுகாப்பு. சரியான நோயாளி, சரியான மருந்து, சரியான அளவு, சரியான வழி, சரியான நேரம் என்னும் ஐந்தையும் மாணவர் அம்மொழிகளில் கற்கின்றனர். இடர் தொடங்குவது கட்டிலருகில். தோட்டங்கள் துண்டாடப்பட்டு வீட்டுமனைகளான பின் கிள்ளான் சுற்றுவட்டாரத்தில் குடியேறிய முதியோர் பலருக்கு நீரிழிவும் இரத்த அழுத்தமும் உண்டு. மருந்துப்பையின் மேலுள்ள மலாய் எழுத்தை வாசிக்க இயலாதவரும் அவர்களிடையே உண்டு. அவர்களுக்கு அந்த ஐந்தும் தமிழில் போய்ச் சேர வேண்டும்.

'வேளை' என்ற சொல்லை எடுத்துக்கொள்வோம். 'வேளைக்கு இரண்டு மாத்திரை' என்பதும் 'இரண்டு வேளை மாத்திரை' என்பதும் ஒரே சொற்களால் ஆனவை. இடம் மாறியதும் ஒரு நாளின் மொத்த அளவே மாறுகிறது. முன்னதை நாளுக்கு மூன்று வேளை என்று கொண்டால் ஆறு மாத்திரை, பின்னது இரண்டே. தமிழில் சொற்கள் இடம் மாறினாலும் பொருள் மாறாது என்று வகுப்பில் சொல்லிப் பழகிய நாம், வேற்றுமையுருபும் எண்ணும் எங்கே ஒட்டுகின்றன என்பதையும் அழுத்திச் சொல்லியிருக்க வேண்டும். அன்றியும் வேளை என்பது உணவோடு பிணைந்தது. காலை, நண்பகல், இரவு என்று மூன்று வேளை கொண்டால் இரவுக்கும் காலைக்கும் இடையே பன்னிரண்டு மணி நேரம் கடக்கிறது. அமோக்சிசிலின் போன்ற மருந்து உடலில் விரைவாகக் குறைந்துவிடும். அதன் அரைவாழ்வு ஏறத்தாழ ஒரு மணி நேரமே. எட்டு மணிக்கொரு முறை என்று மருத்துவர் எழுதுவதன் பொருள் அது. இரண்டு வேளையே உண்பவருக்கும் விரதம் இருப்பவருக்கும் 'சாப்பாட்டுக்குப் பின் மூன்று வேளை' என்பது நிறைவேற்ற முடியாத கட்டளை. கடிகார மணியைச் சொல்லிவிட்டால் இக்குழப்பமெல்லாம் இல்லை.

இப்படி இடறுவது தமிழ் மட்டுமன்று. 'ஒரு முறை' என்று பொருள்படும் ஆங்கிலச் சொல்லின் எழுத்துக்கூட்டு ஸ்பானிய மொழியில் பதினொன்றைக் குறிப்பதால், அமெரிக்காவில் மருந்துச் சீட்டை வாசிக்கும் ஸ்பானிய மொழியினருக்கு அது அறியப்பட்ட அபாயமாக உள்ளது. நம் எழுத்துமுறைக்குரிய இடர் வேறு. ஒலிப்புடைமையைத் தமிழெழுத்து வேறுபடுத்துவதில்லை. இதயத்தையும் இரத்த அழுத்தத்தையும் தாங்கப் பயன்படும் டோபமின், டோபுடமின் என்னும் இரு மருந்துகள் ஒலியொப்புமையால் குழம்பக்கூடியவை என்று உலகெங்கும் எச்சரிக்கப்படுகின்றன. ஆங்கிலத்தில் அவற்றின் நடுமெய்கள் இரு வேறு எழுத்துகள். தமிழில் எழுதினால் இரண்டும் 'ப'கரமே. ஆகவே மருந்தின் பெயரைத் தமிழெழுத்தில் குறித்துக்கொள்ளும் பழக்கம் மாணவருக்கு வேண்டாம் என்பதே எம் கருத்து. தமிழ்ப்பற்றுக்கும் இதற்கும் பகையில்லை. பெயர் மூலமொழியில் இருக்கட்டும். விளக்கம் தமிழில் இருக்கட்டும். வணிகப்பெயரும் பொதுப்பெயரும் ஒரே பொருளைச் சுட்டுவதையும் விளக்க வேண்டும். பனடோலும் பாராசிட்டமோலும் வெவ்வேறு என்றெண்ணி இரண்டையும் உட்கொள்பவர், வளர்ந்தோருக்கு நாளொன்றுக்கு உரிய உச்சவரம்பான 4 கிராமை, அதாவது 500 மில்லிகிராம் மாத்திரை எட்டினை, எளிதில் தாண்டிவிடுவார். கேடு கல்லீரலுக்கு.

விளக்கத்திற்கு வேண்டிய சொற்கள் நம்மிடம் இல்லாமல் இல்லை. 'பத்தியம்' என்பதைப் பழமை என்று ஒதுக்குவோர், மருந்துக்கும் உணவுக்கும் இடையிலான முரணைச் சொல்ல அதைவிடக் கூரிய சொல்லைக் காட்டட்டும். வார்பரின் உட்கொள்பவர் கீரையின் அளவைத் திடீரென்று கூட்டவோ குறைக்கவோ கூடாது. டெட்ராசைக்ளினைப் பாலுடன் விழுங்கினால் உடல் அதை முழுமையாக உறிஞ்சாது. இவற்றைப் 'பத்தியம்' என்று சொன்ன மாத்திரத்தில் எழுபது வயதுப் பெண்மணி நிமிர்ந்து கேட்பார். எதனுடன் உட்கொள்வது என்பதற்கு 'அனுபானம்' இருக்கிறது. எதிர்த்திசையில் வரும் சொல்லையும் மாணவர் அறிய வேண்டும். 'இங்கிலீஷ் மருந்து சூடு' என்று நோயாளி சொல்லும்போது அவர் உடல்வெப்பத்தைப் பேசவில்லை. வயிற்றெரிச்சலையோ வாய்ப்புண்ணையோ, சில வேளைகளில் மருந்தைத் தாமே நிறுத்திவிட்டதையோ அச்சொல்லால் தெரிவிக்கிறார். 'சூடெல்லாம் ஒன்றுமில்லை' என்று மறுத்துவிடும் தாதி, ஒரு பக்க விளைவைக் கேட்டறியும் வாய்ப்பை இழக்கிறார்.

திருக்குறளின் 'மருந்து' அதிகாரம் மருத்துவத்தின் உறுப்புகளை நான்காக வகுக்கிறது. நோயாளி, மருத்துவர், மருந்து ஆகியவற்றுக்குச் சமமாக வைத்து எண்ணப்படுபவர் 'உழைச்செல்வான்'. 'உழை' என்றால் பக்கம். நோயாளியின் பக்கத்தில் நின்று மருந்தை ஊட்டுபவர் என்பது பொருள். அவருக்குப் பரிமேலழகர் கூறும் இலக்கணத்தில் முதன்மை பெறுவது பிழையாமை.

பிழை நேர்ந்ததா என்பதை அறிய, 'புரிந்ததா?' என்ற கேள்வி நம் மக்களிடம் பயன்படுவதில்லை. மரியாதையின்பொருட்டு 'சரிம்மா' என்றே விடை வரும். அந்தச் 'சரிம்மா'வுக்குப் பின்னால் எதுவும் இருக்கலாம். 'நாளைக் காலையில் இதை எப்படிச் சாப்பிடப் போகிறீர்கள், சொல்லுங்கள் பாட்டி' என்று கேட்டு, அவர் வாயாலேயே மணியையும் எண்ணிக்கையையும் சொல்லச் செய்ய வேண்டும். பாட்டி 'ராத்திரிக்கு அரை' என்று தொடங்கினால், மாத்திரையை உடைக்கலாமா, அது மெல்லக் கரையும்படி பூசப்பட்ட வகையா என்று தாதி அப்போதே பார்த்துச் சொல்லலாம். தமிழ் பேசத் தெரிந்த ஒவ்வொரு மாணவரும் இவ்வுரையாடலைத் தம் பயிற்சிக் காலத்தில் ஓர் ஆசிரியர் முன்னிலையில் தமிழிலேயே செய்துகாட்டுமாறு கல்லூரிகள் ஏற்பாடு செய்யலாம். அதற்குப் புதிய பாடநூல் எதுவும் வேண்டியதில்லை. ஒரு மருந்துப்பையும் பத்து நிமிடமும் போதும்.