இரண்டு சமாதானங்கள், ஒரு பலெர்மோக்காரர்

பலெர்மோ நகரின் வடமேற்கு விளிம்பில், காப்போ காலோ மலை கடலைத் தொடும் இடத்தை ஒட்டி இருக்கிறது ஸ்ஃபெர்ராகவால்லோ. மீனவர்கள் ஊர். செப்டம்பர் கடைசியில் கோஸ்மா, தமியானோ என்ற இரு புனிதர்களின் சப்பரத்தை வெறுங்காலோடு தோளில் சுமந்து தெருத்தெருவாகக் கொண்டு போவார்கள். 1947இல் பாரிசில் கையெழுத்தான சமாதான ஒப்பந்தம் இந்தக் கரையையும் விட்டுவைக்கவில்லை. அதன் 50ஆவது பிரிவின்படி, சிசிலியிலும் சார்டீனியாவிலும் இத்தாலி புதிதாக எந்தப் படைத்தளமோ கோட்டையோ கட்டக்கூடாது. உள்நாட்டுக் காவலுக்கு வேண்டிய படையினர் தங்கும் இடங்களுக்கு மட்டும் விலக்கு. டார்ப்பீடோவும் கடற்கண்ணியும் வெடிகுண்டும் வைக்க இருந்த நிலையான கிடங்குகளை ஓராண்டுக்குள் இடிக்க வேண்டும், இல்லையென்றால் தீவைவிட்டே அகற்ற வேண்டும்.

தன் கடற்கரையை எப்படிக் காப்பது என்பதை அந்நியர் எழுதித் தருவது எந்த நாட்டுக்கும் வலிக்கும். அந்த வலி அரசியலில் என்னவாக மாறுகிறது? சென்ற இதழில் வெர்சாய் ஒப்பந்தத்தையும் ஜெர்மனியையும் பார்த்தோம். அங்கே விடை எளிதாகக் கிடைப்பதுபோலத் தெரிந்தது. இத்தாலிக்கு வந்தால் கணக்கு மாறுகிறது. மாறும் இடத்தில் நிற்பவர் ஒரு பலெர்மோக்காரர்: விட்டோரியோ எமானுவேலே ஓர்லாண்டோ.

1860இல் பலெர்மோவில் பிறந்தவர். சட்டப் பேராசிரியர். ஸ்ஃபெர்ராகவால்லோவைத் தாண்டி மேற்கே உள்ள பார்த்தினிக்கோ தொகுதிதான் அவரை நாடாளுமன்றத்துக்கு அனுப்பியது. 1917இல் காப்போரெத்தோவில் இத்தாலியப் படை சிதறியபோது பிரதமர் பொறுப்பை ஏற்று, அடுத்த ஆண்டே வெற்றியைக் கண்டார். 1919இல் பாரிஸ் மாநாட்டில் வில்சன், லாயிட் ஜார்ஜ், கிளெமன்சோ ஆகியோரோடு நால்வரில் ஒருவராக உட்கார்ந்தார்.

முதல் உலகப் போரில் இத்தாலி ஏறக்குறைய 6 லட்சம் வீரர்களை இழந்தது. கிடைத்ததும் குறைவில்லை: திரென்டினோ, பிரென்னர் கணவாய் வரை தெற்குத் திரோல், திரியெஸ்த், இஸ்திரியா. 1915 லண்டன் ரகசிய உடன்படிக்கையில் வாக்களிக்கப்பட்டிருந்த தல்மாத்சியக் கரையும், அதில் இல்லவே இல்லாத ஃபியூமே துறைமுகமும்தான் தகராறு. 1919 ஏப்ரல் 24 அன்று ஓர்லாண்டோ மாநாட்டைவிட்டு வெளியேறி ரோமுக்குத் திரும்பினார். ஊரே திரண்டு வரவேற்றது. இரண்டு வாரத்தில் வெறுங்கையோடு பாரிசுக்குத் திரும்ப வேண்டியிருந்தது. ஜூனில் அவர் அரசு கவிழ்ந்தது.

பிறகு நடந்ததை நினைத்தால் மனம் பதறுகிறது. வென்ற நாடு தன்னைத் தோற்ற நாடாக நினைக்கத் தொடங்கியது. 'ஊனமுற்ற வெற்றி' என்று பெயர் சூட்டிய கவிஞர் தனுன்சியோ அதே ஆண்டு செப்டம்பரில் தன்னோடு சேர்ந்த படையினரைக் கூட்டிக்கொண்டு ஃபியூமேவைப் பிடித்தார். கருஞ்சட்டை, மாடத்திலிருந்து பேச்சு, கூட்டத்தைக் கேள்வி கேட்டுக் கத்தவைப்பது எல்லாம் அங்கே ஒத்திகை பார்க்கப்பட்டன. 1922 அக்டோபரில் முசோலினி ஆட்சிக்கு வந்தார். 1924 தேர்தலில் ஃபாசிஸ்டுகளின் பட்டியலிலேயே ஓர்லாண்டோவின் பெயரும் இருந்தது. மறு ஆண்டு பலெர்மோ நகராட்சித் தேர்தலில் அவர்களை எதிர்த்து நின்று தோற்று, நாடாளுமன்றத்தைவிட்டும் விலகினார். ஆட்சிக்கு விசுவாசப் பிரமாணம் எடுக்க மனமில்லாமல் 1931இல் பேராசிரியர் பதவியையும் விட்டார். விலகிய நேர்மையை மதிக்கிறேன். ஆனால் நாடு ஏமாற்றப்பட்டது என்ற நம்பிக்கைக்கு முதல் விறகை அடுக்கியவர்களில் அவரும் ஒருவர் என்பதை மறைக்க முடியாது.

1943 ஜூலை 22 அன்று பேட்டனின் அமெரிக்கப் படை பலெர்மோவுக்குள் நுழைந்தது. செப்டம்பர் 3 அன்று அதே தீவின் கஸ்ஸிபிலேயில் இத்தாலி போர்நிறுத்தத்துக்குக் கையெழுத்திட்டது. அக்டோபரில் ஜெர்மனிமீது போர் அறிவித்தது. ஆகவே சமாதான மேசையில் தங்களுக்குக் கொஞ்சம் இரக்கம் கிடைக்கும் என்று இத்தாலியர்கள் நம்பினார்கள். 1946 ஆகஸ்ட் 10 அன்று பாரிசில் பேச எழுந்த பிரதமர் தெ காஸ்பெரி, தனிப்பட்ட மரியாதை தவிர அவையில் எல்லாமே தனக்கு எதிராக இருப்பதை உணர்வதாகச் சொல்லித்தான் தொடங்கினார்.

1947 பிப்ரவரி 10 அன்று கையெழுத்தான ஒப்பந்தம் 1919ஐவிடப் பல மடங்கு கடுமை. இஸ்திரியாவின் பெரும்பகுதியும் ஃபியூமேயும் சாராவும் யூகோஸ்லாவியாவுக்கு. தொதெகனீஸ் தீவுகள் கிரீசுக்கு. லிபியா, எரித்ரியா, சோமாலியா மீதான உரிமை போயிற்று. சோவியத் யூனியன், யூகோஸ்லாவியா, கிரீஸ், எத்தியோப்பியா, அல்பேனியா ஆகிய ஐந்து நாடுகளுக்கு மொத்தம் 36 கோடி டாலர் இழப்பீடு. ராணுவத்துக்கு 1,85,000 பேர், கராபினியெரி காவல்படைக்கு 65,000 பேர் என்று உச்சவரம்பு. எதிர்த்தரப்பில் கையெழுத்திட்ட 20 நாடுகளில் இன்னும் விடுதலை அடையாத இந்தியாவும் ஒன்று. பாரிஸ் மாநாட்டில் நம் குழுவை நடத்தியவர் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் முதல் துணைவேந்தரும் பின்னர் சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தருமான சர் சாமுவேல் ரங்கநாதன்.

ஜூலையில் ஒப்பந்தம் அரசியல் நிர்ணய சபைக்கு வந்தது. தத்துவ அறிஞர் குரோசே எதிர்த்தார். 87 வயது ஓர்லாண்டோ எழுந்து, அடிமைப்படுவதில் இவ்வளவு பேராசையா என்று ஆளுங்கட்சியைச் சாடினார். அவையில் பெரும் அமளி. ஆதரவு 262, எதிர்ப்பு 68, நடுநிலை 80 என்று ஒப்பந்தம் நிறைவேறியது.

1919இல் ரோமை உலுக்கிய அதே குரல் 1947இல் ஏன் தெருவில் இறங்கவில்லை? இழந்தது குறைவு என்பதால் அல்ல; முன்பைவிட மிக அதிகம். என் கணிப்பில் காரணங்கள் இரண்டு. மானத்தின் பெயரால் நடந்த இருபது ஆண்டு ஆட்சி எங்கே கொண்டுபோய் விட்டது என்பதை மக்கள் இடிபாடுகளில் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இன்னொன்று, வென்றவர்களுக்கே இத்தாலி தேவைப்பட்டது. அந்த ஆண்டின் நாட்காட்டியைப் பாருங்கள். ஏப்ரல் 20 அன்று நடந்த சிசிலியின் முதல் பிராந்தியத் தேர்தலில் இடதுசாரிக் கூட்டணி முதலிடம் பிடித்தது. மே தினத்தன்று பலெர்மோவுக்குத் தெற்கே போர்தெல்லா தெல்லா ஜினெஸ்திராவில் கூடிய உழவர்கள்மீது ஜூலியானோவின் கொள்ளைக் கூட்டம் சுட்டதில் 11 பேர் மாண்டார்கள். அந்த மாத முடிவில் தெ காஸ்பெரி இடதுசாரிகள் இல்லாத அமைச்சரவை அமைத்தார். ஜூன் 5 அன்று அமெரிக்க வெளியுறவு அமைச்சர் மார்ஷல் தன் உதவித் திட்டத்தை அறிவித்தார். ஆக, ஒப்பந்தம் சபைக்கு வரும்போதே அதை எழுதிய நாடுகளின் கூட்டணி உடைந்துபோயிருந்தது.

அதற்குப் பின் விதிகள் ஒவ்வொன்றாக உதிர்ந்தன. 1949 ஏப்ரலில் இத்தாலி நேட்டோவின் தொடக்க உறுப்பினர்களில் ஒன்றானது. 1951 டிசம்பருக்குள் மேற்கு நாடுகள் படைக் கட்டுப்பாடுகளைக் காலாவதியானதாக ஏற்றுக்கொண்டன. மாஸ்கோ ஏற்கவில்லை, அதன் வீட்டோவால் ஐ.நா. கதவு இத்தாலிக்கு 1955 டிசம்பர் வரை மூடியே இருந்தது. கோட்டை கட்டக்கூடாது என்று தடுக்கப்பட்ட சிசிலியில், 1959இல் சிகொனெல்லாவில் அமெரிக்கக் கடற்படை விமானத்தளம் வந்தது. 1980களில் கோமிசோவில் அணுகுண்டு தாங்கும் குரூஸ் ஏவுகணைகள் வந்து இறங்கின. அவற்றை எதிர்த்து ஐரோப்பாவின் பல நாடுகளிலிருந்து மக்கள் அங்கே திரண்டார்கள்.

உதிராமல் நின்றது நில எல்லைதான். அதன் விலையைக் கொடுத்தவர்கள் ரோமில் பேசியவர்கள் அல்ல. போலா துறைமுகத்திலிருந்து 'தொஸ்கானா' கப்பல் நடை நடையாக மக்களை ஏற்றிப்போனது. ஏறக்குறைய 28,000 பேர் அந்த ஊரைக் காலிசெய்தார்கள். இஸ்திரியாவையும் தல்மாத்சியாவையும் விட்டு வெளியேறிய இத்தாலியர்களை வரலாற்றாளர்கள் இரண்டரை முதல் மூன்றரை லட்சம் என மதிப்பிடுகிறார்கள். அதற்கு முன் இருபது ஆண்டுகள் அதே மண்ணில் ஸ்லாவியர்களின் பள்ளிகளையும் பெயர்களையும் ஃபாசிஸ்டுகள் அழித்திருந்தார்கள் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். வெளியேறி வந்த இத்தாலியர்களுக்குப் பலெர்மோவுக்குக் கிழக்கே தெர்மினி இமெரேசேயிலும் ஓர் அகதி முகாம் இருந்தது. திரியெஸ்த் நகரம் 1954இல் இத்தாலிய நிர்வாகத்துக்கு வந்தது. எல்லைச் சிக்கல் 1975 ஓசிமோ உடன்படிக்கையில்தான் தீர்ந்தது. ஒப்பந்தம் கையெழுத்தான பிப்ரவரி 10, 2004இல் வந்த சட்டத்தின்படி இத்தாலியில் நினைவு நாளாகக் கடைப்பிடிக்கப்படுகிறது.

ஓர்லாண்டோ 1952 டிசம்பரில் காலமானார்.

அதற்கு முந்தைய ஆண்டு செப்டம்பரில் சான் பிரான்சிஸ்கோவில் இன்னொரு சமாதான மாநாடு. ஜப்பானிடம் இழப்பீடு கேட்க மாட்டோம் என்று அங்கே எழுந்து அறிவித்தவர் இலங்கையின் நிதியமைச்சர் ஜெயவர்தன. அந்தக் கதை அடுத்த இதழில்.