பஸ் படிக்கட்டு சொன்ன பாடம்



மாரடைப்பு கண்டவரை வாரக்கணக்கில் கட்டிலை விட்டு எழவிடாத காலம் ஒன்று இருந்தது. இருதயத்துக்கு ஓய்வே மருந்து என்று வைத்தியர்கள் நம்பினார்கள். அக்காலத்தில் ஜெரி மோரிஸ் என்னும் பிரிட்டிஷ் வைத்தியர் ஒரு கேள்வி எழுப்பினார்: மனிதன் செய்யும் வேலைக்கும் மாரடைப்புக்கும் தொடர்பு உண்டா?

விடையை அவர் லண்டன் மாநகரின் இரண்டடுக்குப் பஸ்களில் தேடினார். 1949ஆம் ஆண்டில் தொடங்கிய அந்த ஆராய்ச்சியில், 35 முதல் 64 வயது வரையுள்ள ஏறத்தாழ 31,000 போக்குவரத்துத் தொழிலாளர்கள் இடம்பெற்றார்கள். டிரைவர் நாள் முழுதும் உட்கார்ந்தே இருந்தார். கண்டக்டரோ டிக்கெட் கொடுப்பதற்காக மேலும் கீழுமாக நாளொன்றுக்கு 500 முதல் 750 படிகள் ஏறினார். ஒரே பஸ், ஒரே நகரம். ஆனால் கண்டக்டர்களுக்கு மாரடைப்பு குறைவாகவே வந்தது. வந்தாலும் உடனே உயிர் பிரிந்தவர்கள் குறைவு. நடந்தும் சைக்கிளிலும் கடிதம் கொடுத்த தபால்காரர்களை, மேசையில் அமர்ந்த குமாஸ்தாக்களோடு ஒப்பிட்டபோதும் இதே உண்மை தெரிந்தது. 1953இல் முடிவுகள் வெளியாயின.

"டிரைவர்கள் முதலிலிருந்தே பருமனானவர்களாக இருக்கலாமே?" என்று கேட்கத் தோன்றும். மோரிஸும் அதைக் கேட்டுக்கொண்டார். கம்பெனி தைத்துக் கொடுத்த கால்சட்டைகளின் இடுப்பளவைக்கூடப் பார்த்தார். டிரைவர்களின் அளவு பெரிதுதான். ஆனால் ஒத்த பருமன் உடையவர்களை ஒப்பிட்டபோதும் கண்டக்டர்களே நலமாக இருந்தார்கள்.

இருதயமும் ஒரு தசைதான். பழகப் பழக, ஒவ்வொரு துடிப்பிலும் அதிக இரத்தத்தைத் தள்ளும். இரத்த அழுத்தமும் தணியும்.

நேயர்களே, நம் பாட்டன்மாரும் பாட்டிமாரும் விடியுமுன் எழுந்து பால்மரக் காட்டில் மரம் மரமாக நடந்தார்கள், வாளி சுமந்தார்கள். அந்த வாழ்க்கை சுகமானதென்று நான் சொல்லவரவில்லை. காய்ச்சலும் பற்றாக்குறையும் எத்தனையோ பேரைக் கொண்டுபோயின. ஆனால் கால்களுக்கு ஓய்வில்லை. அவர்களுடைய பேரப்பிள்ளைகளில் பலர் இன்று லாரி ஓட்டுகிறார்கள். தொழிற்சாலையிலும் அலுவலகத்திலும் உட்கார்ந்து வேலை செய்கிறார்கள். கண்டக்டர் வீட்டுப் பிள்ளை டிரைவராகிவிட்டான்!

இழந்ததை மீட்க முடியுமா? முடியும். அலுவலக ஊழியர்களை ஆராய்ந்து 1973இல் மோரிஸ் சொன்னது இதுதான்: ஓய்வு நேரத்தில் சுறுசுறுப்பாக உடற்பயிற்சி செய்தவர்களுக்கும் மாரடைப்பு குறைவு. வாரத்துக்கு 150 நிமிடமாவது வேகமாக நடக்கும்படி இன்றைய வைத்தியர்கள் கூறுகிறார்கள். நாளுக்கு அரை மணி, வாரத்தில் ஐந்து நாள். செலவு ஒரு காசும் இல்லை. நெஞ்சு வலியோ மூச்சுத் திணறலோ உள்ளவர்கள் மட்டும் முதலில் டாக்டரைப் பார்த்துவிட்டுத் தொடங்குங்கள்.

மோரிஸ் 2009ஆம் ஆண்டில், தம் 99ஆம் வயதில் காலமானார். இன்று மாலை வீட்டுப் பெரியவரையும் கூட்டிக்கொண்டு, ஒரு சுற்று நடந்துவிட்டு வாருங்கள்.