‘இவள்’ என்னும் சுட்டு

திருவாய்மொழியில் பெண் பேச்சாக அமைந்த திருப்பதிகங்கள் 27. மகள் பேச்சு 17, தாய் பேச்சு 7, தோழி பேச்சு 3. இவற்றுள் மகள் பேச்சில் ஆழ்வாருடைய தன்மைச் சொல் மாறுவதில்லை. தமிழில் யான், நான், அடியேன் என்பவற்றுக்குப் பால் வேறுபாடு இல்லையாதலின், வளையும் தோழியும் கூறப்பட்ட பின்னரே பேசுபவள் தலைமகள் என அறிகிறோம். தாய் பேச்சிலோ அவ்விடைவெளி இல்லை. ‘கங்குலும் பகலும்’ (7-2) திருப்பதிகத்தில் திருத்தாயார் திருவரங்கனிடம் முறையிடுவது தன் மகளைப் பற்றி. உரையாசிரியர்களும் அவ்விடத்தில் ஆழ்வாரைப் பெண்பாலாகவே எழுதிச் செல்வர். திருமேனி ஆணாயிருக்க இச்சுட்டு எங்ஙனே என்னும் ஐயம் அவர்களுக்கு எழவில்லை. பேசுவது ப்ரேம தசை என்பதே அவர்களுக்குப் போதுமானதாயிற்று.

இதற்கு இலக்கணத்தில் இடமுண்டோ என்று பார்க்கத் தகும். தொல்காப்பியக் கிளவியாக்கம் ஆண்மை திரிந்தாரைக் குறிக்கும் பெயரையும் தெய்வத்தைக் குறிக்கும் பெயரையும் ஒரே சூத்திரத்தில் வைத்து, இரண்டிற்கும் தமக்கென ஈறு இல்லை, உயர்திணை ஈறுகளையே பெறும் என்கிறது. பின்னொரு சூத்திரம் முற்கூறியதற்கு ஆண்பாற் சொல் ஆகாது என விலக்குகிறது. 13ஆம் நூற்றாண்டினதாகக் கொள்ளப்படும் நன்னூல் ஒருபடி மேற்சென்று, ஆண்மையை விட்டுப் பெண்மையை அவாவுவாரைப் பெண்பால் என்றும், பெண்மையை விட்டு ஆண்மையை அவாவுவாரை ஆண்பால் என்றும் வகுக்கும். பாலை உறுதி செய்வது உடம்பன்று, அவா என்பது இதனால் பெறப்படும். ஆயினும் அந்நூலே இருவரையும் அஃறிணை போலவும் கூறலாமென இடங்கொடுத்தது. தொல்காப்பியர் திறவாத வாயில் அது.

தெய்வத்தின் பாலும் நம் மரபில் ஆராயப்பட்டதே. திருவாய்மொழி 2-5-10இல் எம்பெருமானுக்கு ஆண், பெண், அலி என்னும் மூன்றும் மறுக்கப்படுகின்றன. மூன்றும் அல்லாத பொருள் சூனியமாகாதோ என பட்டரிடம் ஒருவர் வினவ, அவர் மறுப்புச் சொல்லின் ‘அன்’ ஈற்றைக் காட்டிப் புருஷோத்தமத்வத்தை நிலைநாட்டினார் என்பது ஈட்டில் வரும் ஐதிஹ்யம். ஓர் ஈறு எத்துணைப் பொருளைத் தாங்கவல்லது என்பதை நம் ஆசார்யர்கள் நன்கறிவர்.

நாயகி பாவமும் திருநங்கையர் வாழ்வும் ஒன்றெனக் கூறுவது அடியேன் கருத்தன்று. முன்னது பகவத் ப்ரேமத்தின் பரிவாஹம். பின்னது உலகில் ஒருவர் தம்மை அறியும் நிலை. ஆயின் சொல் பற்றிய வினா இரண்டிற்கும் பொது. 2008இல் தமிழ்நாட்டில் இவர்களுக்கு நலவாரியம் அமைந்த காலத்தையொட்டித் ‘திருநங்கை’ என்னும் சொல் பரவியது. பின்னர்த் ‘திருநம்பி’யும் வழங்கலாயிற்று. நங்கையும் நம்பியும் நாம் நாள்தோறும் அநுஸந்திக்கும் சொற்களே. அங்ஙனமிருக்க, கோயில் வாசலில் நிற்கும் திருநங்கையை ‘அது’ என்றும் ‘அவன்’ என்றும் சுட்டும் பேச்சை அடியார் கூட்டத்திலும் கேட்க நேர்கிறது. ‘அவன்’ என்பதைத் தொல்காப்பியமும் நன்னூலும் ஏலா. ‘அது’ என்பதற்கு நன்னூலின் அவ்வொரு வாசகமே துணை. பராங்குச நாயகியை ‘இவள்’ என்று சொல்லிப் பழகிய நாவுக்கு, அவரை ‘அவள்’ என்றோ ‘அவர்’ என்றோ சொல்வது அரிதன்று.